ஏரிக்கரை வீட்டுக்கு நான்குமுனைப் போட்டி

"ஸ்டேஷன் பக்கம் வாடகை கம்மி, ஆனா ரயில் சத்தம். மேட்டுத்தெரு அமைதி, ஆனா வாடகை ஆளையே முழுங்கிடும். ஏரிக்கரைதான்..."

"நாலு மாசமா இதையேதான் சொல்றீங்க! ரெண்டு பொண்ணுங்க அடுப்பு பக்கத்துல உக்காந்து பரீட்சைக்குப் படிக்குதுங்க. இந்த மாசம் புறநகருக்குக் குடிபோகலேன்னா, நான் அவளுங்களக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க விசாரிச்சுக்கிட்டே இருங்க!"

கத்தியது மனைவி. வாங்கிக் கட்டிக்கொண்டவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர். ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குவார் என்பதால் தெருவே அவருக்கு 'விசாரணை' என்று பெயர் வைத்திருந்தது. சண்டை மாடி வரை கேட்டது. மாடி வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டல்லவா கேட்டுக்கொண்டிருந்தாள்!

ஏரிக்கரை வீட்டுக்குப் புரோக்கர் சொன்ன வாடகை நியாயம்தான். அன்றே அவரிடம் சரி என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால், 'என் மூஞ்சியைப் பாத்து ஏத்திச் சொல்லியிருப்பானோ?' என்று ஒரு வண்டு மண்டையைக் குடைந்தது. அந்த மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்தார். சந்தேகம் வலுத்தது.

போனை எடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேங்க் மேனேஜர் ஆனார்.

"ஏரிக்கரை வீடு என்ன வாடகை?"

"எத்தனை பேர் சார்?"

"நாங்க அஞ்சு பேர்."

புரோக்கர் யோசித்தார். "ஆயிரம் கூட ஆகுமே சார்."

பேங்க் மேனேஜர் என்றதும் ஏற்றிவிட்டான்! மறுநாள் ரிட்டையர்டு வாத்தியாராக இருமினார். "பெரிய குடும்பம்ப்பா. ரெண்டு மகன், மருமகளுங்க. பாத்துச் சொல்லு."

"பாத்துதாங்கய்யா சொல்றேன். இன்னும் ஆயிரம்."

இருமல் எடுபடவில்லை. மூன்றாம் நாள் குரலைக் கீச்சாக்கினார். "மூணும் கைக்குழந்தைங்கண்ணா..."

"கைக்குழந்தை வேறயா!" புரோக்கர் அலறினார். "ரெண்டாயிரம் சேத்துக் குடுங்கம்மா."

"பயங்கரப் போட்டிடி!" என்று மனைவியிடம் ஓடினார் விசாரணை.

"யாரு போட்டி?"

"ஒரு பேங்க் மேனேஜர், ஒரு வாத்தியார், ஒரு..."

மூவரும் தாமேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் தீ விபத்துக் கணக்குப் போடுகிறவர், தம் வீட்டுக்குத் தாமே கொள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். 'என்னை மாதிரி ஆளுக்குப் பாலிசி எவன் குடுப்பான்?' என்று நொந்துகொண்டார்.

சொந்தக் குரலில் கூப்பிட்டபோது, வீடு போய்விட்டது என்றார் புரோக்கர்.

ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து தையல் மிஷின் இறங்கியது.

"எங்கேம்மா?"

"ஏரிக்கரைக்குதாண்ணே. நீங்க அலசிப் பிழிஞ்சதெல்லாம் மேல கேட்டுச்சு. நாங்க எதுக்குத் தனியா விசாரிக்கணும்? மொதல்ல சொன்ன வாடகைக்கே குடுத்துட்டாங்க."

அவள் வண்டி கிளம்புமுன் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மனைவியும் இரண்டு பெண்களும் பெட்டியோடு ஏறினார்கள். அக்கா வீட்டுக்குத்தான்.

நடுத்தெருவில் நின்ற விசாரணை, சாமான் ஏற்ற வந்திருந்த புரோக்கரைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, போட்டின்னுதானே எனக்கு வாடகைய ஏத்துன? அந்தம்மாவுக்கு மட்டும் பழைய வாடகையா?"

"போட்டியா? ஒரே நம்பர்லேர்ந்து நீங்க, பேங்க் மேனேஜர், வாத்தியார், கைக்குழந்தைக்காரம்மான்னு நாலு குடும்பம் பேசுனா, எல்லாரையும் ரெண்டு ரூம்ல எப்படி சார் அடைக்கிறது? தலைக்கு இவ்வளவுன்னு ஏத்திப் பாத்தும் நீங்க ஆள் சேத்துக்கிட்டே போனீங்களே!"