ஒரிஜினல் டாக்டரும் லட்சுமி என்ற கன்றும்

கடவுளே ஒரு நாள் நேரில் இறங்கிவந்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு உலகம் முடிகிறது என்று எழுதிய தாளை நீட்டினாலும், "இது நகலுல்லா. ஒரிஜினல் எங்க?" என்று கேட்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் குலசேகரத்துக்கும் திருவட்டாறுக்கும் இடையில் ஒரு கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருக்கிறார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் யாருக்கும் தெரியாது. ஒரிஜினல் டாக்டர் என்றால் எந்தச் சாயாக்கடையிலும் வழி சொல்வார்கள். பெங்களூரிலிருந்து நாய்க்குட்டியோடு வந்த ஒரு மருமகன், "அப்போ மத்த ஊர்ல இருக்கவங்க எல்லாம் போலியா?" என்று பயந்துபோனதாகக் கேள்வி.

மாட்டு டாக்டர் என்றால் கெசட்டட் ஆபீசர். சான்றிதழ் நகல்களில் பச்சை மையால் 'உண்மை நகல்' என்று கையெழுத்திடும் அதிகாரம் உண்டு. இப்போது பல இடங்களில் நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. இருந்தாலும் ஏதாவது ஒரு ஆபீசில் ஏதாவது ஒரு கிளார்க் பச்சை மை கேட்காமல் இருப்பதில்லை. அப்போது போய் நிற்கவேண்டிய இடம் அந்த மருந்தகம். இடப்பக்கம் பசுக்கள், வலப்பக்கம் பட்டதாரிகள்.

மற்ற அதிகாரிகள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இவர் ஒரிஜினலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக உரக்க வாசிப்பார். "கணக்கு, அறுபத்தி மூணு. அங்க? அறுபத்தி மூணு. சரி." இதற்குள் வெளியே ஒரு பசு நாலு தடவை கத்தியிருக்கும். ஒரு பையனின் நகலில் ஓரமாக ஒரு கறை இருந்தது. டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒரிஜினல்ல சாயாக் கறை இல்லியேடே. பின்ன இது எப்பிடி உண்மை நகலாவும்?"

நானும் தப்பவில்லை. வாக்காளர் அட்டை நகலோடு ஒரு திங்கட்கிழமை போனேன். அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீருதானாவே?"

"நாந்தான் டாக்டரே. மீசைய எடுத்துட்டேன்."

"அப்ப மீசைய வளத்துட்டு வாரும்."

பத்தொன்பது நாட்கள் ஆயின. சும்மா சொல்லவில்லை. மின்வாரிய ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் கிழமைகளை நம்பலாம்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டார். ஒரு முறை பெண் வீட்டார் வந்து, அவருடைய பக்கத்து வீட்டு மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரித்தார்கள். "காலம்பற பாத்தா நல்ல பையன்" என்றார் டாக்டர். பிறகு நியாயமாக நடந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "சாயங்காலம் நான் பாத்ததில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பையன் சாயங்காலங்களில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பெண் மூன்று வருடம் வேலை கற்றாள் என்றால் நம்பமாட்டீர்கள். பெயர் அபிஷா. அப்பா தங்கராஜ் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். ஒன்பதாம் வகுப்பில் கால் ஒடிந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், கட்டுப் போட்டு முடிந்த பிறகும் போகவில்லை. பிறகு பள்ளியோ பரீட்சையோ இல்லாத சனிக்கிழமையெல்லாம் வந்தாள். ஆட்டைப் பிடிப்பாள், ஊசி கழுவுவாள், பதிவேட்டில் எழுதுவாள். டாக்டர் அவளைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. "அடுத்த சனியும் வாறியா?" என்பதுதான் அவரிடமிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு.

பிளஸ் டூ படிக்கும்போது அபிஷா அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியைக் கண்டுபிடித்தாள். விலங்கியல் படிக்கலாம், வெளிநாட்டுப் பிள்ளைகளில் சிலருக்கு முழுச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். எல்லாம் அவளாகவே போனில் தேடியது. கட்டுரை எழுதினாள், நாலு வருட மதிப்பெண்களைப் பள்ளியில் வாங்கினாள். ஆசிரியர்கள் இருவர் கடிதம் கொடுத்தார்கள். இரண்டிலும் 'நல்ல ஒழுக்கமுள்ள மாணவி'. அதே வரியை அவர்கள் வருடத்துக்கு நூறு பேருக்கு எழுதுகிறவர்கள். பள்ளிக்கு வெளியே அவளை அறிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வைக்கலாம் என்றிருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் இவள் யார் என்று அந்த ஒரு கடிதம்தான் சொல்லவேண்டும். அது எடுபட்டால் அமெரிக்கா. இல்லையென்றால் நாகர்கோவில் கல்லூரிக்குப் பஸ்.

டாக்டரிடம் மின்னஞ்சல் கிடையாது. கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். அபிஷா என்னிடம் வந்தாள். "மாமா, சார் கையில எழுதித் தாரேன்னு சொல்லிட்டாரு. நீங்க டைப் பண்ணி ஏத்தணும். நான் அத வாசிக்கப்பிடாதாம், அதான் அங்கத்த ரூல்."

டிசம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை டாக்டர் கடிதத்தைக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் உமக்கு, கையெழுத்து எனக்கு. ஒரு கமா மாறப்பிடாது, கேட்டீரா?"

ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'இந்தப் பெண்ணை மூன்று வருடமாகத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு சனிக்கிழமைகள் வந்தாள். இரண்டு நாள் தாமதம். இரண்டு நாளும் பஸ் வரவில்லை, விசாரித்தேன். ஒரு மழைநாளில், கரண்ட் இல்லாத தொழுவத்தில், ஈன முடியாமல் கிடந்த பசுவுக்கு நான் சிகிச்சை செய்தபோது நான்கு மணிநேரம் டார்ச் பிடித்தாள். கை நடுங்கவில்லை. கன்று இறந்தது. அழுதாள். அப்போதும் டார்ச் அசையவில்லை. இவளுடைய மற்ற குணங்களை நான் பார்த்ததில்லை.'

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இதை வாசித்தா இடம் கொடுப்பார்கள்?

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் யார் ஓய்வுபெற்றாலும் கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, மேடையில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்துமடலை நான்தான் எழுதுவேன். இருபது வருடம் ஆபீசில் தூங்கியவரை 'உழைப்பின் உதயசூரியன்' என்று எழுதியிருக்கிறேன். அவர் மனைவி உட்பட யாரும் மறுத்ததில்லை. வாழ்த்துமடலில் உண்மை பார்ப்பது கல்யாண வீட்டில் வயது கேட்பது போல. அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிற கடிதமும் அந்த ஜாதிதான் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, டாக்டருக்கு எழுத வரவில்லை, பாவம் என்று இரக்கமும் பட்டேன்.

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு உட்கார்ந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் மலர்ந்த மலர் என்று தொடங்கினேன். டார்ச் பிடித்தவள் கையில் கருவிகளைக் கொடுத்தேன். டாக்டரை வெள்ளத்தில் வழியிலேயே நிறுத்திவைத்தேன். அபிஷா தனியொருத்தியாகக் கன்றை வெளியே எடுத்தாள். செத்த கன்று எழுந்து நின்றது. அதோடு விட்டேனா? லட்சுமி என்று பெயரும் வைத்து, இன்றைக்கும் எங்கள் ஊர் வயலில் துள்ளி விளையாடுகிறது என்று முடித்தேன். படிவத்தில் டாக்டரின் போன் நம்பரைப் போட்டு, 'இது நானே எழுதியது' என்ற கட்டத்தில் அவருக்காக நானே டிக் செய்தேன். கண் கலங்கியது. என் எழுத்தில் எனக்கே கண் கலங்கும்.

பிப்ரவரி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் பென்ஷன் தாள் ஒன்றோடு டாக்டர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. கையில் எப்போதும் ஏதாவது மருந்து அப்பியிருக்கும் என்பதால் அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஒரு பெண் குரல். அமெரிக்காவிலிருந்து, அந்தக் கல்லூரியிலிருந்து.

அந்த அம்மாள் பால்பண்ணையில் வளர்ந்தவளாம். நூற்றுக்கணக்கான கடிதங்களில் இந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லையாம். வழக்கமாக இப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. லட்சுமி எப்படி இருக்கிறாள்?

"ஹூ லட்சுமி?" என்றார் டாக்டர்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கன்று, டாக்டர் என்றாள் அந்த அம்மாள். அபிஷா காப்பாற்றிய கன்று.

டாக்டர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக் கொம்புபோல ஆட்டி, கன்று நன்றாக இருக்கிறது என்று சைகை செய்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அபிஷாவின் நாலு வருடப் படிப்பும் அவருடைய ஒரு 'ஆமா'வில் நின்றது. 'நல்லாருக்கு' என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

அவர் நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அந்தக் கன்று இறந்துவிட்டது மேடம். என் கையில்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தான் எழுதியதை, நூற்றுப் பன்னிரண்டு சனிக்கிழமையில் தொடங்கி, ஒரு வரி விடாமல் மனப்பாடமாகச் சொன்னார். அந்த அம்மாள் ஏதோ சொன்னாள், என் காதில் ஏறவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே கேட்டார். "ஒரிஜினல் எங்கவே?"

வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

"அந்த அம்மா சொன்னத கேட்டீரா?" என்றார்.

"நான் ஒண்ணும் சரியா கேக்கல டாக்டரே."

"இதயே அனுப்பியிருந்தா போதும்னு சொன்னா."

அபிஷாவுக்கு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டு அவளுடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது. டாக்டர் தன் கடிதத்தை நகலெடுத்து, தன் கையெழுத்துக்குத் தானே பச்சை மையில் 'உண்மை நகல்' என்று சான்றளித்து, தவறு அந்தப் பெண்ணுடையதல்ல என்று ஒரு பக்கம் விளக்கமும் எழுதி, பதிவுத் தபாலில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஒரிஜினலை என்னிடம் கொடுத்தார். "கொண்டு அவகிட்ட கொடும். நடந்தத உம்ம வாயாலயே சொல்லும்."

போனேன். தங்கராஜ் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க நல்லதுக்குத்தானே சாரே செஞ்சிய" என்றார். பிறகு ஷீட்டைப் பார்த்துக்கொண்டு, "பெட்டிகூட வாங்கிட்டோம்" என்றார்.

அபிஷா கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தாள். மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள்.

"கை நடுங்கலியாமே. நல்லா நடுங்குச்சு மாமா. முட்டிய மடக்கி டார்ச்ச அதுமேல ஊனி வச்சிருந்தேன். சார் பாக்கல."

பிறகு, "இத நானே வச்சுக்கிடட்டா?" என்று கேட்டாள். கண்ணைத் துடைக்காமல் உள்ளே போய்விட்டாள்.

கை நடுங்கிய விஷயத்தை இன்றுவரை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அமெரிக்காவுக்கு இன்னொரு பதிவுத் தபால் போகும்.

கல்லூரியிலிருந்து மே மாதம் மரியாதையாக ஒரு பதில் வந்தது. மாணவி மேல் குற்றமில்லை. இந்த ஆண்டு இடங்கள் முடிந்துவிட்டன. அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அவள் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இன்னொருக்கா எல்லாத்தயும் ஆசப்பட ஒரு மாதிரியா இருக்கு மாமா" என்றாள். காலை ஏழே காலுக்கு நாகர்கோவில் பஸ்ஸில் போகிறாள். சனிக்கிழமையும் வகுப்பு. என்னைப் பார்த்தால் ஜன்னல் வழியாகக் கையசைப்பாள். நான் முடிந்தவரை அந்த நேரத்தில் ரோட்டுக்குப் போவதில்லை.

ஒரிஜினலை என் கையில் கொடுத்த பிறகு டாக்டர் பதினோரு வாரம் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை, என்ன துணிச்சலில் என்று தெரியவில்லை, மருந்தகத்துக்குப் போய் நின்றேன். அவர் தனியாக ஒரு கிடாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் அதன் காலைப் பிடித்தேன். எனக்கு ஆடு என்றாலே பயம். கிடாய் என்னையும் இழுத்துக்கொண்டு வேப்பமரம்வரை போயிற்று. உடம்பில் இரண்டு இடம் சிராய்ப்பு. டாக்டர் வந்து பார்த்து, மாட்டுக்குப் போடுகிற மருந்தையே எனக்கும் போட்டார்.

"உமக்கு இது வராதுவே" என்றார். "சும்மா வந்து இரியும், போதும்."

போய் இருக்கிறேன். எல்லாச் சனிக்கிழமையும். பன்னிரண்டரைக்கு அவர் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போவமா?" என்பார். தெருமுக்குவரை சேர்ந்து நடப்போம். அவ்வளவு தூரம்தான், ஆனாலும் நான் கொஞ்சம் மெதுவாகவே நடக்கிறேன்.