கோச்சின் பெண்சாதி வைத்த கறி

எனக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. கோர்னர் கிக்கை மூலையிலிருந்து அடிப்பார்கள் என்பது மட்டும் ஒரு மாதிரிப் பிடிபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நான், சிட்னியில் நடந்த ஒரு உதைபந்தாட்டப் போட்டியின் முடிவைத் தனி ஒருத்தியாகத் தீர்மானித்தேன். பந்தைத் தொடவில்லை. மைதானத்துக்குள் கால்கூட வைக்கவில்லை. என் கையில் இருந்தது ஒரு அகப்பை மட்டும்தான்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்தையே கல்லூரி என்போம். படித்து முடித்துக் கடல் தாண்டி வந்து தலை நரைத்தாலும் அந்தக் கல்லூரி எங்களை விடாது. சிட்னியில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி. ஓடக்கூடிய பழைய மாணவர்களும், ஓட முடியாதவர்களின் பிள்ளைகளும் அதில் விளையாடுவார்கள். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிக்குக் கல்லூரி மோதிக்கொள்ளும். உள்ளே இருபத்திரண்டு பேர் ஓடுவார்கள், வெளியே மடக்குக் கதிரைகளில் ஐம்பது பேர் இருந்து அவர்களைத் திட்டுவார்கள்.

என் கணவர் ரஞ்சன் அந்த வருசம்தான் தன் கல்லூரி அணிக்குக் கோச் ஆனார். பெரிய ஆட்டக்காரர் என்றெல்லாம் இல்லை. செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். சங்கக் கூட்டத்தில் "அடுத்த கோச் ஆர்?" என்று கேட்டபோது எல்லாரும் தங்கள் சப்பாத்தைக் குனிந்து பார்க்க, இவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டார். (எங்கள் சங்கங்களில் பதவி பெறுவதற்கு அவ்வளவுதான் தகுதி.) வீட்டுக்கு வந்து சொன்னபோது மனுசனுக்கு முகமெல்லாம் பல். அடுத்த வாரமே பயிற்றுவிப்பாளர் வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். பந்தைத் தூக்கி அடிக்காமல், பின்னாலிருந்து ஒருவருக்கொருவர் சின்னச் சின்னதாகக் கொடுத்து முன்னேற வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்தார். அணிப் பெடியளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்.

அணி முதல் ஆட்டத்தில் தோற்றது. இரண்டாவதிலும் தோற்றது. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறை இருந்தால் குற்றவாளியிடம் நேரே சொல்ல மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. அவருடைய பெண்சாதியிடம் சொல்வார்கள்! ரஞ்சனைக் கண்டால் "நல்ல முயற்சி தம்பி" என்று முதுகில் தட்டுகிறவர்கள், என்னைக் கண்டதும் ஓரமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்துவார்கள்.

இதில் முதலிடம் பாலா அண்ணைக்கு. ஒரு காலத்தில் கல்லூரி அணித் தலைவராக இருந்தவர், இப்போது ஓய்வூதியக்காரர். மைதானத்தில் அவருடைய கதிரைக்கு நிரந்தர இடம் உண்டு. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கார் தரிப்பிடத்தில் ஒருநாள் அர்ச்சனைத் தட்டோடு நின்ற என்னை மறித்தார்.

"தங்கச்சி, நான் சொன்னனெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதையும். என்ன விசர் வேலை பார்க்கிறார் உம்மட மனுசன்? பந்து முன்னுக்குப் போகவேணும். இவர் பின்னுக்கெல்லோ அனுப்புறார்!"

"எனக்கு உதெல்லாம் விளங்காது அண்ணை."

"அதான் சொல்லுறன். நீர் விளக்கிச் சொல்லும்."

விளங்காத நான் எப்படி விளக்குவது? கற்பூரம் காட்டும்போதுகூட "முருகா" என்று சொல்ல வாய் வரவில்லை. "ஐயோ, இவங்கட வாயை ஒருக்கா மூடிவிடப்பா" என்றுதான் கும்பிட்டேன்.

கோயிலோடு முடிந்தால் பரவாயில்லை. மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது ஒருவர் வந்து கோல் காப்பாளரை மாற்றச் சொன்னார். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுவதற்குள் இன்னொருவர் வந்து, கோல் காப்பாளன் ஒருவன்தான் உருப்படி, மற்றப் பத்துப் பேரையும் மாற்றுங்கோ என்றார். மகேஸ்வரி அன்ரி தன் மருமகனை முன்னுக்கு விடவில்லை என்று எனக்கு அழைப்பு எடுப்பதையே நிறுத்திவிட்டார். (அது ஒன்றுதான் அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதி.) எல்லாரும் கடைசியில் ஒரே வசனத்தில்தான் முடித்தார்கள்: "நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதையும்."

நானும் சொல்லவில்லை. சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு குசினியில் பாத்திரங்களை டமார் டமாரென்று போட்டுக்கொண்டு திரிந்தேன். ரஞ்சனோ எதுவும் தெரியாதவர்போல இருந்தார். தெரியாமல் இருக்குமா? வட்ஸ்அப் குழு என்று ஒன்று இருக்கிறதே.

இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தவர்கள் ஒரே ஒரு விசயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். பெடியளுக்குத் தெம்பில்லை. ரஞ்சன் ஆட்டத்துக்கு முன் வாழைப்பழமும் தண்ணீரும்தான் கொடுப்பார். "வாழைப்பழத்தைத் திண்டுபோட்டு ஓட அவங்கள் என்ன அணிலோ?" என்று பாலா அண்ணை கேட்டது என் மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது. வந்த முறைப்பாடுகளில் எனக்கு விளங்கிய ஒரே முறைப்பாடு அதுதான். பந்து பின்னுக்குப் போவதை என்னால் தடுக்க முடியாது. பசியைத் தடுக்கலாம்தானே?

கடைசி ஆட்டம் வந்தது. நிர்வாகக் குழு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: குறைந்தது சமநிலையாவது வேண்டும், தோற்றால் அடுத்த வருசம் வேறு கோச். அந்த வாரம் முழுக்க ரஞ்சன் என் கறிச்சரக்குப் போத்தல்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி அடுக்கி யோசித்தார். மல்லித்தூள் பின்வரிசையில் நிற்கும், மிளகாய்த்தூள் முன்னுக்கு ஓடும். சீரகத்தை எங்கே விடுவது என்பதில்தான் அவருக்குக் குழப்பம்.

"தோத்தா விட்டுடுங்கோ. தலையிடி முடிஞ்சுது" என்றேன்.

போத்தல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோத்தாலும் பரவாயில்லை சுமதி. ஒரேயொரு மட்ச், நான் சொல்லிக் குடுத்த மாதிரி பெடியள் விளையாடினாக் காணும். அதைப் பார்த்திட்டு நான் போயிடுவன்."

இந்த மனுசனுக்கு எப்படியாவது உதவி செய்ய வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். அவர் பாட்டுக்கு விட்டிருந்தால் அதுவே பெரிய உதவி என்று அப்போது எனக்கு யார் சொல்வது?

ஞாயிறு விடிய எழும்பி ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். புட்டு அவித்தேன். கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு, முட்டைப் பொரியல், கட்டைச் சம்பல். ரஞ்சன் நேரத்துக்கே வலைகளும் பந்துகளுமாகப் போய்விட்டார். எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, "அம்மா, ப்ளேயர்ஸ் இதையெல்லாம் கேமுக்கு முதல் சாப்பிடக்கூடாது" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? பேசாமல் அந்தச் சட்டியைக் காரில ஏத்து."

நான் போய்ச் சேர்ந்தபோது ரஞ்சன் நடுவரோடு பெயர்ப் பட்டியல் பார்க்க அடுத்த பக்கம் போயிருந்தார். காரின் பின்கதவைத் திறந்தேன். மூடியை எடுத்தேன். குளிர்காற்றில் அந்த வாசம் எங்கள் பக்கம் முழுக்கப் போனது. உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்த பெடியள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

"கொஞ்சம் சாப்பிட்டிட்டு ஓடுங்கோ. தெம்பா இருக்கும்" என்றேன்.

சத்தியமாகக் கொஞ்சம் கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஆட்களிடையே "போதும்" என்ற சொல்லை யாரும் முதல் தரம் நம்புவதில்லை. அது வெட்கத்தில் சொல்வது. இரண்டாம் தரம் சொன்னால் மரியாதைக்குச் சொல்வது. மூன்றாம் தரம் தட்டைக் கையால் மூடினால், விரலிடுக்கால் கொஞ்சம் ஊற்ற வேண்டும். என் கையும் அந்த மாதிரித்தான் வளர்ந்த கை. கோல் காப்பாளன் தீபன், "அக்கா, போதும்" என்றான். போட்டேன். "அக்கா, உண்மையாப் போதும்" என்றான். "எலும்பு ஒண்டு கிடக்கு, நீ சாப்பிடாட்டி ஆர் சாப்பிடுறது?" என்று அதையும் போட்டேன். அதற்குப் பிறகு அவன் போதும் என்று சொல்லவேயில்லை. தட்டைத் தானே நீட்டினான்.

பாலா அண்ணையும் தட்டோடு வந்தார். "இப்பதான் பெடியள் பெடியளா இருக்கிறாங்கள்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரணிப் பெடியளையும் கூப்பிட்டேன். அவர்களுடைய தலைவன் கும்பிட்டு, "மட்ச் முடியச் சாப்பிடுறம் அன்ரி" என்றான். சாப்பிடத் தெரியாத பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் அணி பந்தைச் சின்னச் சின்னதாகக் கொடுக்கத்தான் பார்த்தது. கொடுத்த பிறகு ஓட வேண்டும் என்ற இடத்தில்தான் சிக்கல். கொடுத்தவன் கொடுத்த இடத்திலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாங்கியவன் பந்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். முதல் கோல் வந்தபோது தீபன் பாயவில்லை. இரண்டாவதுக்குக் கையை மட்டும் நீட்டினான். மூன்றாவது பந்து அவனைக் கடந்து போனபோது, போய்வா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தான். பாவம், குனிந்திருந்தால் புட்டு வெளியே வந்திருக்கும்.

கதிரைகள் கொதித்தன. "மிட்ஃபீல்டே இல்லை!" "ஆளை மாத்தப்பா!" "உவருக்குக் கோச்சிங் ஆர் குடுத்தது?" பாலா அண்ணை இறைச்சித் துண்டைக் கடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பார்த்தீரோ தங்கச்சி, பெடியளிட்டை ஓட்டமே இல்லை. பிழை முழுக்க இவர்ட பயிற்சியில" என்றார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"அண்ணை, உங்கட கையில இருக்கிற தட்டைக் கீழ வையுங்கோ! பிறகு கதையுங்கோ! இவ்வளவு நாளும் என்ர காதைத் திண்டியள், இப்ப என்ர கறியைத் திண்டுகொண்டு என்ர மனுசனையே திட்டுறியளோ?"

நடுவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பாலா அண்ணை தட்டைக் கீழே வைத்தார். (முடித்துவிட்டுத்தான் வைத்தார்.)

இடைவேளையில் ரஞ்சன் பெடியளைச் சுற்றி இருத்தி, "என்னடாப்பா நடந்தது?" என்று கேட்டார். பதிலுக்குத் தீபன் வயிறு முட்டின ஏவறை ஒன்று விட்டான். ரஞ்சன் அவனுடைய கையுறையைப் பிடித்துப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆட்டிறைச்சியோ?"

"ஓம்."

"புட்டோடயோ?"

"ஓம்."

"எல்லாருக்குமோ?"

"மாற்று ஆட்டக்காரருக்கும் குடுத்தனான்."

மனுசன் அப்படியே புல்லில் குந்திவிட்டார். ஒரு பருவம் முழுக்கக் கேட்ட ஏச்சு ஒன்றுக்கும் அசையாத ஆள். நான் அழுதுவிட்டேன். அவர் கேட்டது ஒரேயொரு ஆட்டம். அதையும் நான்தான் அகப்பையால் அள்ளிக் கொடுத்து முடித்திருக்கிறேன்.

ஏழுக்குப் பூச்சியம். அதைப் பற்றி இன்னும் விரிவாக எழுத எனக்கு மனமில்லை.

பிறகு பரிசளிப்பு. எதிரணிக்காரர் சொன்ன சொல் மாறாமல் வந்து மிச்சக் கறி முழுவதையும் வழித்துத் துடைத்திருந்தார்கள். ஆட்டநாயகன் கிண்ணம் அவர்களுடைய ஏழாம் இலக்கக்காரனுக்கு. நாலு கோல் அடித்தவன். அவர்கள் தலைவன் மைக்கை வாங்கினான்.

"இந்தக் கிண்ணத்தை எங்களில ஒருத்தர் வாங்கினா அது நியாயமில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறம். ரஞ்சன் அண்ணையின்ர மிஸிஸ், தயவுசெய்து முன்னுக்கு வாங்கோ!"

ஐம்பது கதிரைகளும் எழும்பின. நான் காருக்குள் ஒளிய ஓடினேன். ஆரணி கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து சிரித்தாள், திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் கறிக்கையோடு போய்க் கிண்ணத்தை வாங்கினேன். முதலில் கைதட்டியது யார் தெரியுமா? ரஞ்சன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு தட்டினார். அந்தப் பருவத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ரஞ்சனே தொடர வேண்டும் என்று முன்மொழிந்தவர் பாலா அண்ணை. "ஒரு வருசத்தை வச்சு ஒரு கோச்சை எடை போடக்கூடாது" என்றார் வெட்கமே இல்லாமல். சாப்பாடும் தொடரவேண்டும் என்று கடைசியில் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். ரஞ்சன் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: கடைசி விசில் ஊதும்வரை சுமதி மைதானத்துப் பக்கம் வரக்கூடாது. அதனால் அடுத்த வருசம் பெடியள் அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே பந்தைக் கொடுத்து வாங்கி ஒரு ஆட்டம் வென்றபோது நான் கார் தரிப்பிடத்தில் இருந்தேன். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஓடிவந்து கார்க் கண்ணாடியில் தட்டி, "விளையாடினாங்களப்பா, அப்பிடியே விளையாடினாங்கள்!" என்று மூச்சுவாங்கச் சொன்னார். பிறகு, "இப்ப திறவும் சட்டியை" என்றார்.

ரஞ்சன் இன்றைக்கும் கோச்சாகத்தான் இருக்கிறார், கிண்ணம் ஒன்றும் வெல்லவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் ஒரே உதைபந்தாட்டக் கிண்ணம் என்னுடையதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஆர் இஞ்ச விளையாடுறது?" என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். பல்கலைக்கழகம் போகும் வயதாகியும் ஆரணி விடுவதில்லை.

"அப்பா கோச். அம்மாதான் மட்ச் வின்னர்" என்பாள். வந்தவர்கள் வாயைப் பிளக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு மிச்சத்தைச் சொல்வாள்: "மற்ற டீமுக்கு."