மாமனாரின் மோட்டாரும் இரண்டு எலுமிச்சம்பழங்களும்

புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தால் எந்த வேலையையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஒன்றும் தெரியாதவர்களைவிட இவர்களால்தான் ஊருக்கு ஆபத்து அதிகம். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்தொன்பது வயது நடந்தபோது, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதிலிருந்து விலகினேன். சாட்சிகள்: ஏறக்குறைய ஐம்பது பேர், ஒரு பூசாரி.

அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். புக்கிட் காத்திலில் வாடகை வீடு, ஒழுங்காக ஓடுகிற கார், தேவி என்ற மனைவி. மோட்டார் சைக்கிள் எனக்குத் தேவையே இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆசை, அவ்வளவுதான். சிலர் மீன் வளர்க்கிறார்கள்.

அந்த மோட்டார் தேவியின் அப்பாவுடையது. மாமா ஜாசினை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது தோட்ட ஆபீஸ் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளின் தொடக்கத்தில் வாங்கிய நூறு சிசி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயும் குடித்து, நீலப் புகை விட்டு, ‘ரிங் டிங் டிங்’ என்று கத்துகிற ஜாதி. ஒருநாள் செம்மண் சாலையில் சறுக்கி விழுந்தார். அன்றே அத்தை சாவியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். எட்டு வருடம் கழித்து நான் பார்த்தபோது அது கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்றது. சீட்டில் ஒரு பெட்டைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

பார்த்ததும் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். துரதிர்ஷ்டம், செல்வமும் கேட்டார்.

செல்வம் தேவியின் அண்ணன். ஜாசினில் மளிகைக் கடை. “பக்கத்துல ஒரு பெட்டி வெல்டிங் பண்ணி மாட்டிட்டா நாலு கேஸ் தோங் ஏத்தலாம், மாப்ள,” என்றார். கேஸ் சிலிண்டர் வீடு வீடாகப் போடுவதற்கு. அந்தக் குரோம் டேங்குக்குப் பக்கத்தில் நான்கு சிலிண்டர்களைக் கற்பனை செய்து பார்த்தேன். நேரே மாமாவிடம் போனேன்.

மாமா தீர்ப்புச் சொன்னார்: “மாப்பிள்ளை, நீங்க எடுத்துட்டுப் போய் செய்யுங்க. நம்ம தோட்டத்துக் கோயில்ல பூசை போடணும். என்னைப் பின்னால உக்கார வெச்சு ஜாசின் பசார் வரைக்கும் போய்ட்டு வரணும். வந்துட்டீங்கன்னா மோட்டார் உங்களுக்கு. வழியில என்னை எறங்கித் தள்ள வெச்சீங்கன்னா, செல்வத்துக்கு.”

“பின்னால உக்காந்துட்டு வர்றதோட சரி,” என்றார் அத்தை, அடுப்படியிலிருந்து. “ஹேண்டலைத் தொட்டீங்கன்னு காதுல விழுந்துச்சு, அன்னிக்கு வீட்ல சோறு கெடையாது.”

நான்கு மாதம். சனி, ஞாயிறு முழுக்க வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் ஒரு குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. பிஸ்டன் தலையில் ஒட்டியிருந்த கரியை டீஸ்பூனால் சுரண்டினேன். (தேவியின் நல்ல செட். அது இன்றுவரை ஐந்தாகவே இருக்கிறது.) துரு போன இடத்தில் உலோகம் மெல்ல வெளிச்சத்துக்கு வரும்போது கிடைக்கிற சந்தோஷத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. புகைக்குழாய்க்குள் உறைந்திருந்த எண்ணெயை நெருப்பு வைத்து எரித்தபோது தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், எங்களுக்கு மக்சிக், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “பாக்கார் சம்பா கா?” என்று கேட்டார். குப்பை எரிக்கிறாயா என்று அர்த்தம். பிறகு தான் துவைத்துக் காயப்போட்ட துணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு வாரம் பேசவில்லை.

பிஸ்டன் ரிங் வாங்க ஜாசின் பசாருக்குப் பின்னாலிருந்த பட்டறைக்குப் போனேன். சுற்றுவட்டாரத் தோட்டத்து மோட்டார்களுக்கெல்லாம் அங்கிருந்த சீன மெக்கானிக்தான் வைத்தியர். எல்லாரும் அவரை அங்கிள் என்போம். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“டைமிங் யாரு வெக்கிறது?” என்று கேட்டார்.

“நான்தான், அங்கிள்.”

“நீ வெக்காதே லா. இங்க கொண்டு வா. அஞ்சு நிமிஷம்.”

“என்கிட்ட மேனுவல் இருக்கு, அங்கிள்.”

என்னை ஒரு கணம் பார்த்தார். “அப்ப சரி லா,” என்று சொல்லிவிட்டு வேறு மோட்டாரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ‘அப்ப சரி லா’வில் என்ன இருந்தது என்பது, தொழில்முறையாக வரிக்கு வரி பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டைமிங் என்பது எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி விழுகிற நேரம். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு நூல் அளவு திருகி அந்த நேரத்தை வைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை மேனுவல் படம் போட்டு, அம்புக்குறி வைத்துக் காட்டியது. இரண்டு சிக்கல். படம் தீப்பெட்டி அளவு. மேனுவல் முழுக்க ஜப்பானிய மொழி.

முதல் சிக்கலை அச்சகத்தில் தீர்த்தேன். கேமரா அறைக்காரரைக் கெஞ்சி, அந்தப் படத்தை ஒரு முழுப்பக்க ஃபிலிமில் பெரிதாக எடுத்துக்கொண்டேன். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற ஃபிலிம். அதைச் சமையலறை ஜன்னலில் ஒட்டியதும் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து ஒவ்வொரு கோடும் துல்லியமாகத் தெரிந்தது.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்றாள் தேவி.

“தெரிய வேண்டியதில்ல. அம்புக்குறிக்கு மொழி கிடையாது,” என்றேன்.

அம்பு காட்டிய பக்கம் தட்டைத் திருகி முடுக்கினேன். மூன்றாவது உதையில் கிளம்பியது. வீட்டுச் சந்துக்குள் இரண்டு நடை போய் வந்தேன். மறுநாள் கிளப்பும்போது கிக்கர் என் பாதத்தைத் திருப்பி அடித்தது. ஆபீசில் இரண்டு நாள் நொண்டினேன். கேட்டவர்களிடமெல்லாம், “ரொம்ப வீரியமான எஞ்சின்,” என்று சொன்னேன்.

பூசை போடாத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்பது அத்தையின் சட்டம். ஆகவே மோட்டார் செல்வத்தின் கடை வேனில் ஏறித் தோட்டத்துக்குப் போனது. (“எறக்கவே வேணாம், மாப்ள. அப்படியே வெல்டிங் கடைக்கு விட்டுடலாம்,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.)

காலைப் பூசை முடிந்து, தோட்டத்து லய வீடுகளில் குடியிருந்த ஜனங்கள் வெளியே வருகிற நேரம். கோயில் ஒரு சின்ன மேட்டில் இருந்தது. வாசலிலிருந்து நிலம் கீழ்நோக்கிச் சரிந்து, ரோட்டோரத்து லோங்கானில் முடியும். லோங்கான் என்றால் எங்கள் ஊரில் திறந்த சாக்கால்வாய். இது முழங்கால் ஆழம். மோட்டாரை அம்மனைப் பார்த்தபடி நிறுத்தினோம். பூசாரி ஹேண்டலுக்கு மாலை போட்டு, டேங்கில் சந்தனம், குங்குமம் வைத்து, முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டையும் நசுக்கிக்கொண்டு முன்னால் போய், வளைந்து ரோட்டில் இறங்க வேண்டும்.

மாமா வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். கிராணியாக இருந்தபோது விடிகாலையில் தொழிலாளிகளின் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கப் போவாரே, அதே விறைப்பு. பழைய தொழிலாளிகள் சிலர் கும்பிட்டார்கள்.

கிளப்பினேன். பதற்றத்தில் பாதி உதைதான் விழுந்தது. கிக்கர் படக்கென்று திருப்பி அடித்தது. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. ‘ரிங் டிங் டிங்.’ நீலப் புகை. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன்.

மோட்டார் பின்னால் போனது.

சரிவு, மாமாவின் எடை, அதனால் உருளுகிறது என்று முடிவு செய்தேன். அறிவுள்ளவன் செய்வதைச் செய்தேன்: ஆக்சிலேட்டரை முறுக்கினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பின்னால் கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரி ஒரு பக்கம் தாவினார். அத்தை மறுபக்கம்.

முதல் சில விநாடிகள் ஜனங்கள் இதைத் தப்பாகவே நினைக்கவில்லை. “அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு அப்படியே பின்னாடி போறாரு, பாரு!” என்று ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “கிராணி ஐயா மருமகனுக்கு எவ்வளவு பக்தி!”

பக்தி அதிகமாக அதிகமாக நான் முறுக்கினேன். என் காதுக்குப் பின்னால் மாமா ஏதோ கத்தினார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர் என்னை ‘மாப்பிள்ளை, வாங்க, மாப்பிள்ளை, உக்காருங்க’ என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

“டேய்! கிளட்சைப் பிடிடா! எஞ்சின் திருப்பிச் சுத்துதுடா!”

அந்த ‘டேய்’ யாருக்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் லோங்கான் வந்துவிட்டது.

சேதம்: ஒரு பின் விளக்கு, ஒரு வேட்டி. காயம் யாருக்கும் இல்லை. மாமா தண்ணீரில் சம்மணம் போட்ட நிலையில் உட்கார்ந்திருந்தார். என் தலையில் மாலை. மோட்டார் ஒருக்களித்துக் கிடந்து இன்னும் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தது. மேலே கோயில் வாசலில் எலுமிச்சம்பழங்கள் இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

“டைமிங்கை எந்த மடையன் வெச்சான்?” என்றார் மாமா.

“நான்தான், மாமா.”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

டூ ஸ்ட்ரோக்குக்கு அப்படி ஒரு குணம் இருக்கிறது என்பதை அங்கே, முழங்கால் வரை சாக்கடையில் நின்ற நிலையில்தான் கற்றுக்கொண்டேன். பொறி ரொம்ப முந்தி விழுந்தால், அரைகுறை உதையில் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். சத்தத்திலோ புகையிலோ வித்தியாசம் தெரியாது. முதல் கியர் போட்டால் ரிவர்ஸ்.

செல்வம் கரையில் வந்து நின்றார். முகத்தில் துக்கம் மாதிரி ஒன்றை வரவழைத்திருந்தார். “வேன் இங்கதான் நிக்குது. அப்படியே ஏத்திடலாமா, அப்பா?”

மாமா எழுந்து கரையேறினார். மோட்டாரைத் தூக்கி மேலே தள்ளிவரச் சொன்னார். செல்வத்தின் வேனிலிருந்தே ஸ்குரூ டிரைவர் வாங்கி, மூடியைக் கழற்றி, தட்டைக் கட்டைவிரலால் எதிர்ப்பக்கம் ஒரு நூல் நகர்த்தி முடுக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈர வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரே உதை. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் சீட்டில் ஏறி, இரண்டு எலுமிச்சம்பழங்களையும் நசுக்கிக்கொண்டு முன்னால் போய், வளைந்து, அத்தையின் பக்கம் பார்க்காமலே ரோட்டில் இறங்கினார்.

“சோறு கெடையாது!” என்று அத்தை அவருடைய முதுகைப் பார்த்துக் கத்தினார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது ஹேண்டலில் ஒரு பை தொங்கியது. அதில் கறிபாப், உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்தது. பொட்டலத்தை அத்தையிடம் நீட்டினார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“ஜாசின் பசார் போய்ட்டு வந்தாச்சு. யாரும் எறங்கித் தள்ளல. போய்ட்டு வந்தவனுக்குத்தானே மோட்டார்? எனக்குத்தான்.”

செல்வமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அத்தை கறிபாப்பை ஒரு கடி கடித்து, “உருளைக்கெழங்கு வேகல,” என்றார். அது அனுமதி.

வீட்டுக்கு வந்ததும் தேவி நேரே சமையலறைக்குப் போய் ஜன்னலிலிருந்த ஃபிலிமை உரித்தாள். திருப்பி ஒட்டினாள். அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டியது. ஃபிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. தப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறித் தெரியும். தமிழாக இருந்தால் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். ஜப்பானிய எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. (அதற்கு முந்தைய மாதம்தான், ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் சட்டைப் பை வலது பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, ‘படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்’ என்று மூன்று பேர் முன்னிலையில் அதே கேமரா அறைக்காரரை மடக்கியிருந்தேன்.)

“அம்புக்கு மொழி கெடையாதுன்னீங்களே,” என்றாள் தேவி.

மாமா அந்த மோட்டாரை அதன்பின் பல வருடம் ஓட்டினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புகைக்குழாய் சுத்தம் செய்ய எனக்கு அழைப்பு வரும். ‘மாப்பிள்ளை’ திரும்பி வந்தது. ஆனால் ஸ்பேனர் கையிலிருக்கும் நேரங்களில் ‘டேய்’தான். எனக்கு அதில் வருத்தமில்லை.

கதை அத்தோடு முடிந்திருக்கும், அந்தப் பூசாரி மட்டும் இல்லாவிட்டால். அடுத்த வருடம் செல்வம் புது வேன் வாங்கிப் பூசைக்குக் கொண்டுவந்தார். பூசாரி சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்துவிட்டு, “ஓட்டப் போறது யாரு?” என்று கேட்டார். “நம்ம மாப்பிள்ளைதான்,” என்றார் செல்வம், பொய்யாக. பூசாரி உள்ளே போய், இன்னும் பழங்கள் எடுத்துவந்து, சக்கரங்களுக்குப் பின்னாலும் வைத்தார். கோயிலே சிரித்தது. அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும், யார் ஓட்டினாலும், அப்படித்தான் வைத்தார். கொஞ்ச வருடத்தில் ஜனங்கள் தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் குடிபோனார்கள். பழங்களும் கூடவே போயின.

போன வருடம் டுரியான் துங்காலில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். ஓர் இளைஞர் புதுக் காருக்குப் பூசை போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நான்கு பழம், பின்னால் நான்கு பழம்.

“பின்னால எதுக்கு, தம்பி?” என்றேன்.

“பின்னாலேர்ந்து வர்ற கண்ணு கழியறதுக்கு, அங்கிள். ரொம்பப் பழைய சம்பிரதாயம். எங்க ஆளுங்க ஊர்லேர்ந்து கப்பல் ஏறும்போதே கொண்டாந்தது.”

“சொல்லுங்க,” என்றாள் தேவி, என் காதருகில். “பத்திரிகைக்காரர்தானே. தப்பு இருந்தா திருத்துங்க.”

நான் திருத்தவில்லை. அந்த இளைஞர் கண்ணை மூடிக் கும்பிட்டார். வண்டியில் ஏறினார். முதலில் ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கத்துப் பழங்களைப் பயபக்தியோடு நசுக்கிவிட்டு, அதன் பிறகுதான் முன்னால் போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன்.