ஆதம்பாவா மவுத்தான கதை

படத்துக்குக் கதை எழுதிப் பெரிய ஆளாகலாம் என்று நம்பியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில் மருதமுனையில் தறி. அமெரிக்காவில் கதைப்புத்தகம் எழுதுகிறவனே படத்துக்கும் எழுதுகிறான், கார் வைத்திருக்கிறான் என்று ஐம்பதுகளில் ஒரு பத்திரிகையில் படித்தேன். (என்னிடம் சைக்கிளும் இல்லை.)

மூன்று மாதம் எழுதினேன். ஒரு மீனவன் பொத்துவில் கடலில் சாகிறான். பெண்சாதிக்குக் கடிதம் வருகிறது. அத்துடன் படம் முடியும். மீனவனுக்குப் பெயர் வைக்க வரவில்லை. சகலன் ஆதம்பாவாவின் பெயரைப் போட்டேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இரண்டு குடும்பமும் மாமி வீட்டில்தான் இருந்தோம். அப்போது அவர் பொத்துவிலில் போய்த் தங்கித்தான் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.

கொழும்புப் படக் கம்பெனி திருப்பி அனுப்பிய கதை தபாலில் வந்த அன்று, நான் சம்மாந்துறையில் நெய்த சாரன் விற்றுக்கொண்டிருந்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வளவு நிறையச் சனம்.

"ஆரு மவுத்து?"

"உங்கட சகலன். கடல்ல."

உட்கார்ந்து அழுதேன். நல்ல மனிதர். (வாங்கிய குடையைத் தரவில்லை. அதையும் மன்னித்தேன்.) உள்ளே ஏழு மாத வயிற்றுடன் அவர் பெண்சாதி, என் மதினி. வளையலைக் கழற்றி, வெள்ளை உடுத்தி, புருசன் மவுத்தானவள் இருக்கும் இத்தாவில் இருத்தியிருந்தார்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகப் பள்ளிவாசல் லெப்பை தபாலில் வந்த கடிதத்தை மறுபடி வாசித்தார். "தோணி கவிழ்ந்தது. ஆதம்பாவாவின் மையித்தும் கரை ஒதுங்கவில்லை..." அடுத்த வரி எனக்கு மனப்பாடம். எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. கம்பெனி அனுப்பிய உறைக்குள் கதையின் கடைசித் தாள், பெண்சாதிக்கு வரும் கடிதம், மேலே இருந்திருக்கிறது.

"லெப்பை, அது நான் எழுதின கதை."

மாமி வாசலுக்கு வந்தார். "கதையெண்டா அதுல ஆதம்பாவாட பேரு என்னத்துக்கு?"

"வேற பேரு வரல்ல மாமி."

"உங்களுக்கும் ஒரு பேரு இரிக்கிதானே மருமகன்? அதப் போட்டிருக்கலாமே."

மதினி நம்பவில்லை. "ஆள் வந்து வாசல்ல நிக்கட்டும்" என்றார். வெள்ளையை மாற்றவில்லை.

விடிய முதல் பஸ்ஸில் பொத்துவிலுக்குப் போய் ஆளைக் கூட்டிவந்தேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"நான் நீந்தல்லயா?"

"நீந்தினா படம் முடியாது."



வீட்டுக்கு வர, அந்த அதிர்ச்சியில் மதினிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பெண். உள்ளங்கையில் அடங்கும். நாற்பது நாள், தங்குமா தங்காதா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நாற்பது நாளும் மாமி எனக்குச் சோற்றை வாசலுக்கு வெளியில்தான் வைத்தார். கதைத் தாள்களை அடுப்பில் வைத்தது நானே. அத்துடன் என் படத்தொழில் முடிந்தது.

பிள்ளை தங்கியது. இப்போது அவளுக்கும் பிள்ளைகள். நான் பேனா எடுத்தால் அவள்தான் கேட்பாள்: "சாச்சா, ஆரும் கடல்ல இரிக்காங்களா எண்டு பாத்தீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஆதம்பாவாவும் சிரிப்பார். மதினி எழுந்து உள்ளே போய்விடுவார்.