தந்தப்பிடிக் கத்தியும் பறிமுதல் ரசீதும்

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஏதாவது ஒன்றின்மேல் பற்று வேண்டும். ராஜபாளையத்தில் சிலருக்கு நாய்மேல் பற்று, சிலருக்கு மாம்பழத்தின்மேல் பற்று, பலருக்கு அடுத்தவன் தோப்பின்மேல் பற்று. மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ராஜரத்தினத்துக்குப் பழைய மடக்குக் கத்திகளின்மேல் பற்று. இதனால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. ஆகவே அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று.

பிஸ்கட் டப்பா ஒன்றில் நாற்பத்தொரு கத்திகள் வைத்திருந்தார். கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, மரப் பிடி என்று பல ரகம். அதில் ராஜா ஒன்றுதான். தந்தப் பிடி போட்டது. மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ராஜரத்தினத்தின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பாவுக்கு இடது கையில் இரண்டு விரலை மெஷின் தின்றுவிட்டது. அதனால் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு வலது கையால் அலகை இழுத்துத் திறப்பார். பிடியில் இரண்டு பல் தடம் விழுந்துவிட்டது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கத்தியால் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால்தான் ராஜரத்தினத்துக்கு அன்றைய பொழுது போனதாகக் கணக்கு.

இப்படி இருக்கையில் ஊருக்குள் பழைய சாமான் மோகம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆட்டுக்கல்லைத் தெருவில் உருட்டிவிட்டவர்கள், அதே கல்லை லாரி வைத்துத் தேடிப்போய்க் கொண்டுவந்து, ஹாலில் போட்டு, குழியில் செடி நட்டார்கள். மாட்டு வண்டிச் சக்கரம் கூரையில் ஏறி விளக்காயிற்று. பேண்டேஜ் துணி ஆலை முதலாளி மெல்வின் தலைமையில் 'தொன்மைப் பொருள் ஆர்வலர் பேரவை' பிறந்தது. அந்த வருஷத்து மோகம், தந்தப்பிடி மடக்குக் கத்தி. அது இல்லாதவனைப் பேரவையில் மனிதனாகவே மதிக்கவில்லை.

ராஜரத்தினம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் உறுப்பினராகச் சேரக் கேட்டார். முடியாது என்றுவிட்டார்கள். காரணம், பேரவையின் செயலாளர். அவன் ராஜரத்தினத்தின் மைத்துனன் ஞானரத்தினம்.

இருவருக்கும் பேச்சு நின்று இருபத்திரண்டு வருஷம். ஒரு கிறிஸ்மஸ் அன்று கேக் வெட்ட அந்தக் கத்தியை வாங்கினான் ஞானரத்தினம். வெட்டி முடித்ததும் கையில் நீட்டினான். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது இந்தச் சீமையில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். கீழே வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இவன் கையில் நீட்டினதோடு நிற்காமல், பத்துப் பேர் மத்தியில், "அத்தான், இது தந்தம் இல்ல, மாட்டெலும்பு" என்றும் சொன்னான். அதன்பிறகு இருவரும் ஒரே சர்ச்சில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒரே ஆண்டவரிடம் தனித்தனியாகப் புகார் செய்துவந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பேப்பரில் அறிவிப்பு வந்தது. யானைத் தந்தம், மான் கொம்பு, புலி நகம் முதலானவற்றை வைத்திருப்போர் முப்பது நாளைக்குள் திருவில்லிபுத்தூரில் உள்ள 'விலங்கு உறுப்புப் பண்டங்கள் சரிபார்ப்புத் தனிப்பிரிவு' அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டுமாம்.

ராஜரத்தினம் சட்டையை மாட்டினார். மனைவி பரிபூரணம் வாசலை மறித்தாள்.

"போனா பிடுங்கிக்கிடுவாவ. பேசாமக் கெடங்க."

"பிடுங்கட்டுமேட்டி. தந்தம்னு எழுதிக் கொடுத்துட்டுல்லா பிடுங்கணும்? அந்தப் பேப்பர ஒன் தம்பி மூஞ்சில காட்டணும்."

"கத்தி போயிருமே?"

"வெசாரிச்சுட்டுத் திருப்பித் தந்துருவாவ. கவர்மெண்டு என்ன கொய்யாப்பழமா நறுக்கப் போவுது?"

தனிப்பிரிவு ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே பால் காயும் மணத்தில் பாதிக் கோபம் கரைந்துவிடும். மீதியை எழுத்தர் காளீஸ்வரி கரைத்துவிடுவாள்.

"என்ன பொருளு?"

"கத்தி."

"கத்திக்கு போலீஸ் ஸ்டேஷன் போங்க."

"பிடி தந்தம்மா."

"அப்ப பிடிய மட்டும் கொண்டாங்க."

"பிடி இல்லாம கத்திய எப்படிம்மா கொண்டு போவேன்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகத் தனி அலுவலர் ஹரிகிருஷ்ணனுக்குப் பட்டது. உள்ளிருந்தபடியே தலையை ஆட்டினார். காளீஸ்வரி படிவத்தை எடுத்தாள்.

"யானையோட பேரு?"

"தெரியாது."

"எறந்த தேதி?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எறந்ததுக்குச் சான்று இல்லைன்னா உசுரோட இருக்குன்னுதான் போடணும்" என்று சொல்லி, 'யானை உயிருடன் உள்ளதாகத் தெரிகிறது' என்று எழுதினாள். "பொருள்ல காயம், சிராய்ப்பு?"

"ரெண்டு பல்லுத் தடம் இருக்கு."

"எந்த மிருகம்?"

"எங்க அப்பா."

ஹரிகிருஷ்ணன் எழுந்தே வந்துவிட்டார். "மனுஷன் யானையைக் கடிச்சிருக்கானா? இதுக்குத் தனிப் பிரிவு போடணுமே. ஆள் எங்க?"

"தொண்ணூத்தி ஒண்ணுல எறந்துட்டாக சார்."

"தப்பிச்சிட்டாரு" என்றார் அலுவலர். "சரி, கத்தியைக் கொடுங்க."

ராஜரத்தினம் கத்தியை முறைப்படி மேஜைமேல் வைத்தார். ஹரிகிருஷ்ணனும் இந்தச் சீமைக்காரர்தான். முறைப்படி மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். வழக்கம் காப்பாற்றப்பட்டது. ஆனால் காளீஸ்வரி எழுதிய ரசீதில், 'மேஜைமீது கேட்பாரற்றுக் கிடந்த கத்தி' என்று இருந்தது.

"ஏம்மா, நாந்தான வச்சேன்?"

"கையில கொடுத்தீங்களா?"

"கையில எப்படிம்மா கொடுப்பேன்? சண்டை வருமே!"

"அப்ப 'ஒப்படைத்தார்'னு எழுத முடியாது. ஒங்க பேர வேணா, கண்டெடுத்துத் தகவல் சொன்னவர்னு போடுதேன்."

"எப்ப திருப்பித் தருவீக?"

"கேட்பாரற்ற பொருளை யாருக்குத் திருப்பித் தாரது?"

ராஜரத்தினம் வாயைத் திறப்பதற்குள் கையில் ரசீது வந்துவிட்டது. மூன்று முத்திரை. பச்சை மையில் கையெழுத்து. நடுவில் கொட்டை எழுத்தில், 'யானைத் தந்தப் பிடி, அசல்.' எப்படி அசல் என்று தெரிந்தது என்று கேட்டதற்கு ஹரிகிருஷ்ணன், "போலியைப் பறிமுதல் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை. பறிமுதல் செஞ்சாச்சுன்னா அசல்தானே?" என்றார்.

வீட்டுக்கு வந்தவரிடம் பரிபூரணம், "கத்தி எங்க?" என்றாள். ரசீதைக் காட்டினார். "நாளைக்கு நாலு மணிக்கு இத வச்சு நறுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால் ஊரில் நடந்தது வேறு. டீக்கடையில் ரசீது கை மாறியது. மறுநாளே ராஜரத்தினத்தின் தெருவில் நுழைய முடியாத ஒரு கார் நுழைந்தது. மெல்வின் இறங்கி, ரசீதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஐயா, எங்கிட்ட பன்னெண்டு கத்தி இருக்கு. என்ன பிரயோஜனம்? ஒண்ணையாவது கவர்மெண்ட் பறிமுதல் பண்ணியிருக்கா?"

அன்றுமுதல் மோகம் கத்தியிலிருந்து ரசீதுக்குத் தாவியது. மெல்வின் பன்னிரண்டு கத்தியையும் கொண்டுபோய்க் கேட்பாரற்றுப் போட்டுவிட்டு, பன்னிரண்டு ரசீதோடு வந்தார். செட்டியார்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மம்சாபுரத்திலிருந்து ஒருவர் சவரக் கத்தியைக் கொண்டுவந்து, தயவுசெய்து பறித்துக்கொள்ளும்படி அழுதார். பறிகொடுக்க வந்த வரிசை மாடிப்படி இறங்கி, பால்கோவா வாங்க நின்ற வரிசையோடு கலந்ததில், பால்கோவா வாங்க வந்த இருவருடைய மூக்குக்கண்ணாடி தந்தம் என்று பறிமுதலாயிற்று. மேற்கு மலையில் உள்ள யானைகள் எல்லாம் வரிசையில் வந்து கொடுத்தாலும் அவ்வளவு தந்தம் தேறாது. ஹரிகிருஷ்ணனுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

பெரிய வீடுகளில் ரசீதுகளுக்குச் சட்டம் போட்டு, அடியில் விளக்குப் போட்டார்கள். இன்னும் கத்தியைக் கையில் வைத்திருப்பவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அரசாங்கமே வேண்டாம் என்று சொன்ன கத்தி அல்லவா?

அந்த அவமானம் ஞானரத்தினத்துக்கு வாய்த்தது. அவனும் போனான். பழைய புத்தி, கத்தியை ஹரிகிருஷ்ணன் கையிலேயே நீட்டிவிட்டான். அலுவலர் தீயை மிதித்தவர்போலப் பின்னால் குதித்தார். "கையில குடுக்காரே, இந்த மனுஷன் சண்டைக்கு வந்திருக்காரா? தந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. எலும்பு! எடுத்துட்டுப் போங்க!" புகுந்த வீட்டில் திருப்பி அனுப்பிய பெண்ணைக் கூட்டி வருகிறவன்போல, ஞானரத்தினம் துண்டால் கத்தியை மூடி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தான். செயலாளர் பதவி போயிற்று. ராஜரத்தினம் பேரவையின் கௌரவத் தலைவர் ஆனார். முதல் ரசீது அவருடையதல்லவா?

இருபத்திரண்டு வருஷத்துக் கோபம் வட்டியோடு தீர்ந்தது. ஆனால் நாலு மணி தினமும் வந்துகொண்டிருந்தது. அடுப்படிக் கத்தியை வைத்து நறுக்கினால் கொய்யா நசுங்கியது. மிச்ச நாற்பது கத்தியையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நசுங்கியது. கட்டைவிரல் பிடியில் இரண்டு பள்ளத்தைத் தேடித் தேடித் தடவியது.

"கத்தி போச்சுன்னா பழத்தக் கடிச்சுத் தின்ன வேண்டியதுதான? ஒங்க அப்பா யானையவே கடிச்சிருக்காகளாம்லா" என்றாள் பரிபூரணம்.

நாலாம் மாதம் கடிதம் வந்தது. மாதிரிக்காக முதல் எண் கத்தியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆய்வகம் இப்படி எழுதியிருந்தது: 'பிடி மாட்டினுடையது. பல் தடம் மனிதனுடையது. யானை எங்கும் தென்படவில்லை.' எனவே, கத்தி தன்னுடையது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, ரசீதைத் திருப்பி ஒப்படைத்து, ஏழு நாளைக்குள் கத்தியை எடுத்துச் செல்லலாம்.

"போய் எடுத்துட்டு வாங்க" என்றாள் பரிபூரணம். "ஊருக்கு ஏன் சொல்லணும்? எலும்போ கட்டையோ, அது மாமா கத்தி."

அவருக்கும் அதுதான் எண்ணம். யாருக்கும் தெரியாமல் போய் வாங்கிக்கொண்டு, டப்பாவில் போட்டு, கடிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டால் ஆயிற்று. ரசீதைச் சட்டத்திலிருந்து கழற்றி மடித்து, பையில் வைத்துக்கொண்டு ஏழாம் நாள் மாடியேறினார்.

அங்கே பெஞ்சில் ஞானரத்தினம் உட்கார்ந்திருந்தான். தன் கத்தி தந்தம்தான் என்று மேல்முறையீடு செய்ய வந்தவன், மடியில் கத்தியோடு.

"வாங்கய்யா" என்று ஹரிகிருஷ்ணன் ஊருக்கே கேட்கும்படி வரவேற்றார். கத்தியை மேஜைமேல் வைத்தார். இரண்டு பல் தடமும் ராஜரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தன. "இது உங்க கத்திதானே? மாட்டெலும்பு. ஒரு வரி எழுதுங்க, எடுத்துட்டுப் போங்க."

ஞானரத்தினம் பெஞ்சிலிருந்து கழுத்தை நீட்டினான். அவ்வளவுதான். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ராஜரத்தினத்தின் கை மேஜை வரைக்கும் போயிற்று. திரும்பி வந்துவிட்டது.

"இது என் கத்தி இல்ல" என்றார். "என் கத்தி தந்தம்."

முதலில் விபரீதத்தைப் புரிந்துகொண்டவள் காளீஸ்வரி. "சார்! இது அவுக கத்தி இல்லைன்னா, அவுக கொண்டாந்த தந்தக் கத்தி எங்க? ரெஜிஸ்டர்ல ஒண்ணு கொறையுது!"

ஹரிகிருஷ்ணனுக்கு வியர்த்தது. பாராட்டுக் கடிதம் வாங்கிய அலுவலகத்தில் தந்தம் காணாமல் போவதா? "எலும்பு ஒண்ணு கூடுதலா இருக்கு, தந்தம் ஒண்ணு குறைவா இருக்கு. யானைக்கு நான் எங்க போவேன்?"

அப்போது பெஞ்சிலிருந்து ஞானரத்தினம் எழுந்தான். இந்தத் தடவை கையில் நீட்டவில்லை. மிகவும் பணிவாகத் தன் கத்தியை மேஜைமேல் வைத்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்றான்.

ஹரிகிருஷ்ணன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அன்னிக்கு வெளிச்சம் சரியில்ல" என்றார். "இப்பப் பாத்தா, சந்தேகமே இல்ல. தந்தம்தான். காளீஸ்வரி, ஒண்ணாம் நம்பர்ல இதை வை. இவருக்கு ஒரு ரசீது போடு. 'அசல்'னு பெரிசா எழுது."

"அந்த எலும்புக் கத்தி சார்?"

"அது எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல. இல்லாத சாமான் ஆபீஸ்ல இருக்கக்கூடாது. யாராவது எடுத்துட்டுப் போங்கப்பா."

"கேக்க ஆளில்லைன்னா நான் எடுத்துக்கிடுதேன்" என்றான் ஞானரத்தினம். கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேதான் நின்றார். கேட்கவில்லை. ஞானரத்தினம் மேஜையிலிருந்து, முறைப்படி, எடுத்துக்கொண்டான்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டுதான் காலியாக இருந்தது, இரண்டு பேர் உட்காருகிற சீட்டு. ஆளுக்கொரு ரசீதோடு இருவரும் உட்கார்ந்தார்கள். கௌரவத் தலைவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் பஸ் நின்றபோது ஞானரத்தினம் ஜன்னல் வழியாக ஒரு கொய்யாப்பழம் வாங்கினான். கத்தியை எடுத்தான். இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன், பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு அலகை இழுத்தான்.

"மாமா இப்படித்தான தொறப்பாக?" என்றான்.

ராஜரத்தினம் மலையிலிருந்து பார்வையைத் திருப்பினார். "அது மாட்டெலும்புதானலே?" என்றார், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"ஆமா அத்தான். நான் அன்னைக்கே சொன்னம்லா?"

"ஒன் கத்தி?"

"அதுவா? பிளாஸ்டிக்கு." சட்டைப் பையில் இருந்த ரசீதைத் தட்டிக் கொடுத்தான். "இன்னைக்குக் காலைல வரைக்கும்."

பழத்தை நறுக்கி, ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி நீட்டினான். ராஜரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு ஆகியிருந்தது. வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கொய்யா கொஞ்சங்கூட நசுங்கவில்லை.