மிக்கோவின் மெட்டு

"மிக்கோ மலோனியோட மெட்டா? அது தெரியாதவன் கில்னாஷியில எவன் இருக்கான்!"

தொலைபேசியில் இப்படிச் சொல்லி வைத்த பிறகுதான், அந்தத் தெரியாதவன் தானேதான் என்பது ஃபின்டனுக்கு உறைத்தது.

பேசியவள் பாஸ்டன் நகரத்து லொரெட்டா. அவள் அப்பா மிக்கோ மலோனி கில்னாஷிக்காரர். புல்லாங்குழல் வாசிப்பவர். இளம் வயதில் கப்பலேறிப் போனவர் திரும்பி வரவேயில்லை. போன மார்ச்சில் அங்கேயே இறந்துபோனார். ஊரில் இருந்தபோது அவர் கட்டிய ஒரு மெட்டை, அது பிறந்த இடத்திலேயே ஒருமுறை கேட்க வேண்டும் என்பது மகளின் ஆசை.

"கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்" என்று ஃபின்டன் கேட்டிருக்கலாம். அவளே முந்திக்கொண்டாள். "எனக்குச் சுருதி நிக்காது. நான் வாயைத் திறந்தாலே அப்பா ஜன்னலைச் சாத்துவார். உங்க ஊர்ல யாருக்கும் தெரியலைன்னா சொல்லுங்க, பக்கத்துல டூல்ரஷ்ல கேட்டுப் பார்க்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை. டூல்ரஷ், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர். பந்தாட்டத்தில் அவர்களிடம் தோற்பதைக் கில்னாஷி தாங்கிக்கொள்ளும். பாட்டு விஷயத்தில் அவர்களிடம் கையேந்துவதா? ஃபின்டன் நடத்துவது ஊரின் ஒரே மதுக்கடை. ஞாயிறுதோறும் அங்கேதான் வாத்தியக்காரர்கள் கூடுவார்கள். தோள் அகலத்துக்கு இழுத்து வாசிக்கும் கான்சர்ட்டினா பெட்டியில் தன்னை அடிச்சுக்க ஆளில்லை என்று அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த மனைவி நுவாலா கேட்டாள். "எந்த மெட்டுய்யா அது?"

"அதான் தெரியலை."

"பின்னே எதுக்கு வரச் சொன்னே?"

"டூல்ரஷுக்குப் போயிடுவாளே!"

"திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லு."

"அப்பனைப் பறிகொடுத்த பொண்ணுகிட்ட, உங்கப்பனை ஊரே மறந்துடுச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

நுவாலா கோப்பையைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

ஃபின்டன், காற்றுப் பையை அமுக்கிப் பைக்குழல் வாசிக்கும் டின்னியிடம் போனான்.

"மிக்கோ கப்பலேறினப்போ நான் பொறக்கவே இல்லையப்பா" என்றான் டின்னி. "அவன்கூட வாசிச்சவங்க எல்லாம் இப்போ கல்லறைத் தோட்டத்துல கச்சேரி பண்றாங்க. போய்க் கேளு."

வேறு வழியில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபின்டன் கிடங்கில் ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து தானே ஒரு மெட்டைக் கட்டத் தொடங்கினான். பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்தான். இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் முதல் பகுதி வந்துவிட்டது. தேநீர் ஆறுவதற்குள் இரண்டாம் பகுதியும் வந்துவிட்டது. நல்ல மெட்டு. கொஞ்சம் துள்ளல், அடியில் கொஞ்சம் ஏக்கம்.

"எனக்குள்ள இப்படி ஒரு ஞானம் இருந்தது இத்தனை வயசு வரைக்கும் எனக்கே தெரியாம போச்சே நுவாலா!"

"எங்களுக்கும்தான் தெரியலை" என்றாள் அவள்.

ஒருவனே வாசித்தால் ஊர் மெட்டு போலிருக்காதே என்று டின்னிக்கும், வயலின்காரி அசம்ப்டாவுக்கும் சொல்லிக்கொடுத்தான். யார் கட்டியது என்பதை மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அசம்ப்டா சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஃபின்டன் பெயரைச் சொல்லவேயில்லை. "மிக்கோவோட பழைய மெட்டு கிடைச்சிருச்சு" என்று மட்டும் தன் தங்கையிடம் சொன்னாள்.

அது போதுமானதாக இருந்தது. பாதிரியார் பூசையின் முடிவில் அறிவித்தார். பள்ளிக்கூட வாத்தியார் லில்லிஸ், மிக்கோ கப்பலுக்குக் கிளம்பிய காலையில் மழையில் நனைந்த படகுத்துறையில் அதைக் கட்டினார் என்று வரலாறு சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் அந்த மழையில் தானும் நனைந்ததாகச் சொன்னார். கடைசியில் வட்டார ரேடியோவிலிருந்து ஒருவர் வந்து மெட்டைப் பதிவு செய்துகொண்டார். பொய்யைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம் என்று, "இது எங்க ஊர்ச் சின்ன விஷயம், பெரிசு பண்ணாதீங்க" என்றான் ஃபின்டன். 'தன்னடக்கம் மிக்க கலைஞர்' என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே டூல்ரஷிலிருந்து பாக்கி கிராட்டி வந்து நின்றான்.

"மிக்கோ வீடு பாலத்துக்கு எங்க பக்கம். அவன் எங்க ஆளு."

"போடா! பாலமே அப்புறம் கட்டினது."

"அது கிடக்கட்டும். ரேடியோவுல கேட்டேன். ரெண்டாவது பகுதியைத் தப்பா வாசிக்கிறே."

"தப்பா?"

"முடிவுல கீழே இறங்கணும். நீ மேலே ஏறுறே. எங்கப்பா மிக்கோகிட்ட நேராக் கத்துக்கிட்டது அது."

நான் கட்டிய மெட்டை எனக்கே திருத்துகிறாயா என்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். சொந்தப் பொய்யில்கூட அவனுக்குச் சொந்தம் இல்லாமல் போயிற்று.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம் லொரெட்டா வந்து இறங்கினாள். சின்ன உருவம், நீல மழைக்கோட்டு. அவளைப் பார்க்க இரண்டு ஊரும் கடைக்குள் அடைந்திருந்தது. நுவாலா வெட்டி வைத்த பன்றிக்கறி ரொட்டிகளை, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போலப் பேசிக்கொண்டே காலி செய்துகொண்டிருந்தார்கள்.

"உன் அப்பா சாயல் உனக்கு" என்று அவரைப் பார்த்தேயிராத நாலு பேர் அவளிடம் சொன்னார்கள்.

ஃபின்டன் பெட்டியை எடுத்தான். டின்னி பையில் காற்று ஏற்றினான். அசம்ப்டா வயலின் வில்லைத் தந்தியில் வைத்தாள்.

முதல் சுற்றில் கால்கள் தாளம் போட்டன. இரண்டாம் சுற்றில் அதுவும் நின்றுவிட்டது. அந்த அறையில் யாரையாவது கப்பலில் அனுப்பாத குடும்பம் ஏது? புறப்படுகிற ராத்திரி அடுப்படியில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு விடிய விடிய ஆடுவார்கள். விடிந்ததும் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் போவான். அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும், பெயர் தெரியாத குழந்தைகளின் புகைப்படம் வரும், ஆள் வரமாட்டான். பாக்கிகூடத் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். லண்டனுக்குப் போன அண்ணன் அவனுக்கு இரண்டு பேர்.

வாசித்து முடித்தார்கள். லொரெட்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இதுதான்" என்றாள். "இதேதான்."

கைதட்டல் ஓடுகள் அதிர எழுந்தது. ஃபின்டன் மட்டும் பெட்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். நுவாலா பின்னாலேயே வந்தாள்.

"சொல்லிடப் போறேன் நுவாலா."

"சொல்லுன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டப்போ சொல்லலை. இப்போ வாயை மூடு. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தியா?"

"அதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தா வெறுங்கையோட போயிருப்பா. இப்போ அப்பனோடதுன்னு நினைச்சுக்கிட்டுப் போலியைத் தூக்கிட்டுப் போகப் போறா. ஒவ்வொரு நாளும் இதை நினைச்சு அழுவா. என்னால முடியலை."

நுவாலா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "போ. வாங்கிக் கட்டிக்கோ."

உள்ளே வந்து நாற்காலி மேல் ஏறினான் ஃபின்டன். இன்னொரு பாட்டு என்று நினைத்து எல்லோரும் அமைதியானார்கள்.

"லொரெட்டா, என்னை மன்னிச்சுடும்மா. உங்கப்பா மெட்டு இங்கே யாருக்கும் தெரியாது. இது நான் கட்டினது. கிடங்குல, பீப்பாய் மேல உட்கார்ந்து கட்டினேன்."

"நான் அப்பவே சொன்னேனே, தப்பா வாசிக்கிறான்னு!" என்று பாக்கி கத்தினான்.

"உங்கப்பா நேராக் கத்துக்கிட்டாரே, அது எதுடா?" என்றான் டின்னி. பாக்கி தன் பீர் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினான். லில்லிஸ் வாத்தியார் கதவுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தார்.

லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபமில்லை, குழப்பம்தான். "இல்லை. நீங்க எதையோ மாத்திச் சொல்றீங்க. தினமும் காலையில சவரம் பண்ணும்போது அப்பா இதைத்தான் சீட்டி அடிப்பார். எனக்குப் பாட வராதே தவிர, காது கேட்கும்."

"சத்தியமா நான்தான்மா கட்டினேன்!" ஃபின்டன் கெஞ்சினான். பொய்யை நம்பிய ஊர் உண்மையை நம்ப மறுத்தது.

அப்போது கணப்போரம் கம்பளிக்குள்ளிருந்து ஒரு தடி தரையைத் தட்டியது. டிலியா. ஒரு காலத்தில் ஃபின்டன் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. ரொம்ப வருஷமாக மகளோடு என்னிஸ் நகரத்தில் இருப்பவள், ரேடியோவில் கேட்டு, மகளை நச்சரித்து வந்திருந்தாள்.

"இறங்குடா கீழே" என்றாள் டிலியா. "நீ தொட்டில்ல கிடந்தப்போ உங்கம்மா மாடு கறந்துக்கிட்டே தினமும் முணுமுணுத்த மெட்டுடா இது, உங்கப்பா வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்து."