இறங்க மறுத்த காவடி

என்னை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். உட்காரச் சொன்னால் முதலில் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பேன். மின்விசிறிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். துணி காயப்போடும் கம்பியில் திருகாணி துருப்பிடித்திருந்தால், காப்பி ஆறினாலும் பரவாயில்லை என்று அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன். (ஒரு வரன் இதனாலேயே தட்டிப்போனது. மாப்பிள்ளை உள்ளே வந்தபோது நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.)

என் வேலை அப்படி. சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கிளாம்ப்புகளையும் போல்ட்டு நட்டுகளையும் சோதிப்பவள் நான். தேய்ந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா, மரை மழுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதுக்குப் பச்சை அட்டையும் கெட்டதுக்குச் சிவப்பு அட்டையும் கட்ட வேண்டும். நான் சொல்லப்போகும் கூத்து நடந்தபோது எனக்குச் சான்றிதழ் கிடைத்து இரண்டே மாதம். புதிதாக லைசன்ஸ் எடுத்தவன் தான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்குக்கூடக் காரில் போவானே, அந்த நிலைமையில் இருந்தேன்.

அப்போது பூன் லேயில் அண்ணன் அண்ணியோடு குடியிருந்தேன். அண்ணன் குமார், கம்பெனி பஸ் ஓட்டுபவர். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டான குழந்தை யாழினி, எல்லோரையும் காக்க வைத்தது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தின் கனம்கூட இல்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அண்ணன் அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது, காவடியை இறக்கி வைத்த கையோடு அவளைத் தூக்கிப்போய் முருகன் சன்னதியில் காட்டுவது. பிள்ளை பிழைத்தாள். தைப்பூசமும் வந்தது.

காவடியை இரவல் கொடுத்தவர் அண்ணனின் பள்ளித் தோழர் சேகர். இடுப்பைச் சுற்றி இரண்டு பாதியாக ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து தோளுக்கு இரண்டு பட்டை, தலைக்கு மேல் மயில்தோகை வளைவு. வளையத்தின் பாதிகளை இடமும் வலமும் ஒவ்வொரு கிளாம்ப் சேர்த்துப் பிடிக்கும். கையாலேயே திருகிக் கழற்றும்படி காது வைத்த பழைய நட்டுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், அதை இறக்கி வைத்தார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் டார்ச் லைட்டையும் கம்பி பிரஷையும் எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன்.

"சேகர் அண்ணே, போல்ட்டுல மரை மழுங்கிடுச்சு. இந்தக் கிளாம்ப்புல முடி மாதிரி ஒரு விரிசல் வேற. நாலு கிலோமீட்டர் ஆட்டத்துக்குத் தாங்காது."

"பத்து வருஷமா இதேதான்மா. முருகன் பாத்துக்குவாரு லா."

"முருகன் பாத்துக்குவாருண்ணே. ஆனா அவரு கையெழுத்துப் போட மாட்டாரே, நான்தானே போடணும்."

யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து மயில்தோகைக்கு நடுவில் கட்டினேன். 'பயன்படுத்தாதே' என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கும்.

"ஏண்டி கலா, சாமி சாமானுக்கா சிவப்பு அட்டை கட்டுற?" என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சேகர் அண்ணன் அன்று எங்கள் வீட்டில் டீ குடிக்காமலேயே போய்விட்டார்.

மறுநாள் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். புதுக் கிளாம்ப் இரண்டு, பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு, அதே ஸ்டீலில் எவ்வளவு ஆடினாலும் தளராத பூட்டு நட்டு. கப்பலுக்குப் போடும் சாமான். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன்.

தைப்பூசத்தன்று காலை, சிராங்கூன் சாலையில் கூட்டம் அலைமோதியது. அண்ணன் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். காவடியை ஏற்றியதும் ஸ்பேனரோடு முன்னால் போனேன். இடப் பக்கம் முறுக்கினேன். வலப் பக்கம் முறுக்கும்போது நட்டு 'கிரீச்' என்றது. 'ஆகா, என்னமாய்ப் பிடிக்கிறது!' என்று பூரித்துப்போய் இன்னொரு கால் சுற்று கூடுதலாக முறுக்கினேன். அந்தக் கால் சுற்று இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

நடந்தோம். சும்மா சொல்லக் கூடாது, காவடி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அண்ணன் சுழன்று ஆடினார். குனிந்தார், குதித்தார். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டபடி நடக்க, நான் அண்ணனின் இடுப்பைப் பார்த்துக் கும்பிட்டபடி நடந்தேன். டேங்க் ரோடு முருகன் கோயில் வந்தபோது என்னையே நான் தட்டிக்கொடுத்துக்கொள்ளாத குறை.

காவடி இறக்கும் இடத்தில் அலகுகளை எடுத்தார்கள், விபூதி பூசினார்கள். கடைசியாக இடுப்பு வளையம். இடப் பக்க நட்டு முனகிக்கொண்டே வந்தது. வலப் பக்க நட்டு அரைச் சுற்று வந்து, நின்றது. அதுவும் கழன்றால்தான் வளையம் பிரியும். ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அண்ணன்தான் நகர்ந்தார். நட்டு நகரவில்லை.

அப்போதுதான் பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைக் கிரீஸ் தடவாமல் முறுக்கினால், இரண்டு மரையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே உலோகமாகிவிடும். இதை நான் நோட்டில் எழுதி, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தேன். அந்தக் 'கிரீச்' சத்தம் நட்டு என்னிடம் அழுத சத்தம்!

"அண்ணே, இறக்கியாச்சுன்னா கொஞ்சம் நகருங்க, பின்னால காவடி வருது" என்றார் ஒரு தொண்டூழியர்.

"இறங்கலையே தம்பி!" என்றார் அண்ணன்.

யாழினி அண்ணியின் தோளில் வீறிட்டு அழுதாள். அண்ணன் கையை நீட்டினார். வளையமும் கம்பிகளும் குறுக்கே நின்றன, பிள்ளையை வாங்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற அதே முகம். அந்த இரண்டு மாதத்தில் அவர் கும்பிட்டதெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அதை நான் ஒரு நட்டால் பூட்டி வைத்திருந்தேன்.

சேகர் அண்ணன் வெளியே ஓடினார். பக்கத்தில் ஏதோ கடைக்கு ரெனோவேஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனரைக் கையோடு கூட்டி வந்தார். அவர் கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர். எல்லோருக்கும் உயிர் வந்தது. நான் கிரைண்டரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"இதுல தகட்டை மூடுற கார்டு இல்லை. தகடு தெறிச்சா யாரு பொறுப்பு? சுத்தி மயில்தோகை, துணி. தீப்பொறி பட்டா போச்சு. அலோவ் பண்ண முடியாது."

சீனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயோ கேர்ள், யூ கவர்மெண்ட் ஆ?"

"கலா!" அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இன்னைக்கு நீ இன்னொரு சாமானை இன்ஸ்பெக்ட் பண்ணினே, இந்தக் காவடியோட உன்னைத் துரத்துவேன்."

"எல்லா மரையையும் டைட் பண்ணுறா, இவ மரையை மட்டும் யாரும் டைட் பண்ணலை" என்றார் சேகர் அண்ணன். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

நல்லவேளை, சீனரின் பெட்டியில் ஒரு கை ரம்பமும் இருந்தது. அண்ணி விபூதித் தட்டைக் காலி செய்து கொடுத்தார். அதை அண்ணனின் இடுப்புக்கும் போல்ட்டுக்கும் நடுவில் செருகி, ஈரத் துண்டைச் சுற்றி, முட்டிபோட்டு அறுக்க ஆரம்பித்தேன். கப்பல் சாமான் அல்லவா, லேசில் அறுபடுமா? ஐந்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது. அழுதுகொண்டே அறுத்தேன்.

அப்போது கூட வந்த பையன்களில் யாரோ ஒருவன் ரம்பத்தின் தாளத்துக்கு "வேல்!" என்றான். அடுத்த இழுப்புக்கு நாலு பேர் "வேல்!" என்றார்கள். பிறகு பின்னால் காத்திருந்த காவடிக்காரரின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். சர்ர்... வேல்! சர்ர்... வேல்! எவ்வளவு நேரம் என்று தெரியாது. 'டக்' என்று போல்ட்டு துண்டாகி என் மடியில் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் யாழினி பயந்து அழுகையையே நிறுத்திவிட்டாள்.

அண்ணன் பிள்ளையை வாங்கிக்கொண்டு சன்னதிக்குப் போனார். நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"வழி நெடுக ஒரு தடவைகூட நான் இடுப்பைப் பாக்கலை, தெரியுமா? நீ மாட்டினது, கழண்டு விழாதுன்னு நம்பி ஆடினேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கழட்டவும் முடியாதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதற்குப் பிறகு எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேகர் அண்ணன் பழைய கிளாம்ப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார். இரண்டு கையாலும் லேசாக வளைத்தார். அது இரண்டாக வந்துவிட்டது. துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, "டீ இருக்கா?" என்று கேட்டார்.

அறுந்த போல்ட்டு இப்போது ஜூரோங்கில் என் மேசைமேல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் அதுதான். வீட்டிலோ, ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லையென்றால் "கலா மூடினதா?" என்று கேட்பது சட்டமாகிவிட்டது.

ஒரு வருடம் என்று வேண்டிக்கொண்ட அண்ணன் இன்னும் காவடி எடுக்கிறார். ஸ்பேனரை என் கையில்தான் கொடுக்கிறார். கிரீஸ் டப்பாவை அண்ணி பிடித்துக்கொள்கிறார். பச்சை அட்டை யாழினியிடம் இருக்கும். அவளுக்கு இப்போது எட்டு வயது.

"அத்தை, முதல்ல கழட்டிக் காட்டுங்க" என்பாள்.

கழற்றிக் காட்டி, மறுபடி மாட்டுவேன். அதன் பிறகுதான் அட்டை. அண்ணன் மட்டும் இன்றுவரை குனிந்து தன் இடுப்பைப் பார்த்ததில்லை.